ராகத்துக்கும் தானத்துக்கும் நடுவே ஒரு 'டிக்': சிடியிலிருந்து பாட்டைச் சிந்தாமல் எடுப்பது எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணே, அப்பா விட்டுட்டுப் போன சிடி இருநூறுக்கு மேல இருக்கு. பாதி கச்சேரி, பாதி சினிமா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு எம்பி3 ஆக்கிட்டேன். சினிமாப் பாட்டு நல்லாத்தான் இருக்கு. கச்சேரியில மட்டும் ராகம் முடிஞ்சு தானம் தொடங்குற இடத்துல பாட்டு அரை நொடி நின்னு போய் வருது. சில இடத்துல 'டிக்'குனு சத்தம். அதே சிடியைப் பிளேயர்ல போட்டா ஒண்ணும் இல்ல. டிரைவ் போயிடுச்சா?"

டிரைவ் போகவில்லை தம்பி. போயிருந்தாலும் இப்படிப் போகாது. நீ சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் முக்கால்வாசிக் குற்றம் எம்பி3 மேலும் அதைப் பாடவைக்கும் செயலி மேலும்தான். ஆனால் நம் ஆட்கள் முதலில் செய்வது என்ன? ரிச்சி தெருவுக்கு ஓடிப் போய் வேறு டிரைவ் வாங்கி வருவார்கள். அந்த டிரைவிலும் அதே 'டிக்' கேட்கும்.

கேசட் காலத்தில் வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். பிறகு சிடி வந்தது. கச்சேரி சிடி கேட்பவர்களின் காது எப்படிப்பட்டது என்று அப்போதே தெரியும். சினிமாப் பாட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் எப்படியும் அமைதி இருக்கும். அதில் ஒரு கண்ணிமைப்பு கூடினாலோ குறைந்தாலோ யாருக்கும் தெரியாது. கச்சேரியில் தம்புரா நிற்பதே இல்லை. ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று நாலு டிராக்காக வெட்டியிருந்தாலும் அடியில் ஓடும் சுருதி ஒன்றே. அந்தச் சுருதி கால் நொடி அறுந்தால், சங்கீதம் தெரியாதவன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

சிடியில் டிராக் என்று தனித்தனியாக எதுவும் கிடையாது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள். முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஒரே ஓட்டம். டி.எச். ரோட்டில் பஸ் ஸ்டாப்புகள் இருப்பதால் ரோடு துண்டு துண்டாகிவிடுமா? அதுபோலத்தான். எந்த இடத்தில் எந்த டிராக் தொடங்குகிறது என்று சிடியின் தொடக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது, அவ்வளவுதான். ஒலி அலையின் உயரத்தை அடுத்தடுத்து அளந்து எழுதிய எண்களைத்தான் சாம்பிள் என்கிறோம்; ஒரு நொடி இசைக்கு 44,100 சாம்பிள். நொடி ஒன்று 75 செக்டாராகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆக ஒரு செக்டாருக்கு 588 சாம்பிள், 2,352 பைட். டிராக் எல்லை எப்போதும் செக்டார் எல்லையில்தான் விழும். இந்த 588 என்ற எண்ணை மறக்காதே, பின்னால் ஒரு சோதனைக்கு வேண்டும்.

இப்போது எம்பி3. அது இசையை 1,152 சாம்பிள் கொண்ட சட்டங்களாக வெட்டித்தான் அமுக்கும். உன் டிராக் சரியாக 1,152-ஆல் வகுபடாது. மிச்சத்தை வெற்றொலியால், அதாவது அமைதியால், நிரப்பிவிடும். முன்பக்கத்திலும் அப்படியே. அமுக்கும் நிரலுக்கு ஓடிவந்து தாண்டக் கொஞ்சம் இடம் வேண்டும். எம்பி3 ஆக்கும் நிரல்களில் ஒன்றான லேம் 576 சாம்பிளைச் சேர்க்கிறது. விரிக்கும் பக்கம் இன்னும் 529 சேரும். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 25 மில்லிசெகண்ட். முடிவில் நிரப்பியதும் சேர்ந்தால் ஒவ்வொரு டிராக் எல்லையிலும் 50 மில்லிசெகண்ட் அளவுக்கு ஓட்டை விழலாம். லேம் நல்ல பிள்ளை. எவ்வளவு சேர்த்தேன் என்று கோப்பின் தலையிலேயே எழுதி வைக்கும். பாடவைக்கும் செயலி அதைப் படித்து வெட்டிவிட்டால் ஒட்டு தெரியாது. படிக்காத செயலிகள் ஏராளம்.

ஆனால் நீ சொல்வது அரை நொடி. 50 மில்லிசெகண்ட் அரை நொடி ஆகாது. ஆக, உன் செயலி ஒரு கோப்பை மூடி அடுத்ததைத் திறக்கவே தடுமாறுகிறது. அந்த 'டிக்' தனிக் கதை. ஒலி அலை பாதி உயரத்தில் இருக்கும்போது பூஜ்யத்துக்கு விழுந்தால் வரும் சத்தம் அது. இரண்டு நோயும் உன் கோப்புகளில் ஒன்றாக இருக்கின்றன.

இருக்கும் எம்பி3-களை ஒட்டுப் போட்டுச் சரிசெய்யலாமா என்று கேட்பாய். வேண்டாம். லேம் இல்லாத வேறொன்றால் ஆக்கியிருந்தால் எவ்வளவு சேர்ந்தது என்பதற்குக் கணக்கே இருக்காது. சிடி கையில் இருக்கும்போது மறுபடி எடுப்பதுதான் வேலை. எடுப்பதை ஒரே தடவையில், இனி சிடியைத் தொடவே தேவையில்லாத மாதிரி எடு. ஃப்ளாக் என்ற வடிவத்தில் வை. அது இழப்பில்லாத அமுக்கம். உள்ளே போன சாம்பிள் எத்தனையோ அத்தனையே வெளியே வரும், முன்னாலும் பின்னாலும் ஒன்றும் ஒட்டாது. ஒரு முழு சிடி கிட்டத்தட்ட பாதியாகச் சுருங்கும். 74 நிமிட சிடி என்றால் 3,33,000 செக்டார், 78 கோடி பைட்டுக்குக் கொஞ்சம் மேல்; பாதியானால் 40 கோடிக்குள். இருநூறு சிடிக்கும் சேர்த்து 100 ஜிபி-க்குள் முடிந்துவிடும். இன்றைக்கு அது ஒரு சின்ன பென் டிரைவ்.

எடுக்கும் மென்பொருள் பற்றி. விண்டோஸ் என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சுருக்கமாக இஏசி. காசு கிடையாது. மேக்கில் எக்ஸ்எல்டி. லினக்ஸில் சிடிபாரனோயா, அதன் மேல் ஓடும் விப்பர். நான் இஏசி-யை வைத்தே சொல்கிறேன். பெயர் மாறினாலும் மற்றவற்றிலும் சங்கதி ஒன்றுதான்.

ஏன் இதற்கென்று தனி மென்பொருள்? டேட்டா சிடியில் 2,352 பைட் செக்டாரில் 2,048-தான் நம் சரக்கு. மிச்சம் 304-இல் முகவரியும் பிழைதிருத்தமும் உண்டு. அதனால் டிரைவ் கேட்ட இடத்தில் நேராகப் போய் நிற்கும். ஆடியோ சிடியில் 2,352-ம் இசையே. வாசலில் கதவு எண் இல்லாத தெரு மாதிரி. இருக்கும் இடத்தைச் சொல்ல ஓரத்தில் ஒரு துணைத் தடம் ஓடுகிறது, ஆனால் அது இசையோடு இழைக்கு இழை பொருந்தி ஓடுவதில்லை. பழைய டிரைவ்கள் படிப்பதை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ போய் நிற்கும். அங்கே சில சாம்பிள் இரட்டிக்கும் அல்லது காணாமல் போகும். சிடிபாரனோயா பிறந்ததே இந்த நோய்க்குத்தான். ஒரே பகுதியைக் கொஞ்சம் மேலே மேலே படியும்படி படித்து, பொருத்தம் பார்த்துத் தைக்கும். இப்போதைய டிரைவ்களில் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் இல்லை. தவறுவது தவறும், ஆனால் எப்போதும் ஒரே அளவில் தவறும்.

அந்த மாறாத தவறின் பெயர்தான் ஆஃப்செட். எத்தனை சாம்பிள் தள்ளிப்போகிறது என்று ஒவ்வொரு டிரைவ் மாடலுக்கும் ஒரு எண் உண்டு. +6, +30, +102, +667 என்றெல்லாம் பார்க்கலாம். +667 என்பது 15 மில்லிசெகண்ட். பலர் இதைத்தான் இடைவெளிக்குக் காரணம் என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். யோசித்துப் பார்: எல்லா டிராக்கும் ஒரே அளவில் தள்ளிப்போனால், முதல் டிராக்கின் முடிவு எங்கே போனதோ அங்கேயே இரண்டாவதன் தொடக்கமும் போயிருக்கும். ஒட்டு அப்படியே இருக்கும். முழு சிடியின் ஆரம்பத்திலோ கடைசியிலோ சில நூறு சாம்பிள் உதிரும், அதுவும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் இடம்.

அப்படியென்றால் ஆஃப்செட்டைச் சரிசெய்யாமல் விடலாமா? நான் விட்டேன்; பட்டேன். ஒரு வீணைக் கச்சேரி சிடி, ஐந்தாவது டிராக்கில் கீறல். என் டிரைவ் படிக்க மாட்டேன் என்றது. நண்பன் வீட்டு டிரைவில் அந்த ஒரு டிராக்கை மட்டும் எடுத்து மற்றவற்றோடு சேர்த்தேன். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் 'டிக்', ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இன்னொரு 'டிக்'. என்னுடையது +6, அவனுடையது +667. இரண்டிலும் ஆஃப்செட் திருத்தம் போடவில்லை. 661 சாம்பிள் வித்தியாசம். ஒரு முனையில் அந்த அளவு தொலைந்தது, மறுமுனையில் அந்த அளவு இரண்டு தடவை வந்தது. இரண்டு நாள் சிடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்!

சரியான எண்ணைக் கண்டுபிடிக்க அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளம் இருக்கிறது. உலகம் முழுக்க ஆட்கள் எடுத்த சிடிகளின் சரிபார்ப்பு எண்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதில் உள்ள ஒரு சிடியை உன் டிரைவில் போட்டால் எண்ணைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால் நம்ம ஊர் சபா கச்சேரி சிடி அதில் இருப்பது அபூர்வம். நன்றாக விற்ற இங்கிலீஷ் பாட்டு சிடி இரண்டு மூன்று வேண்டும். எனக்கு பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய நண்பர் கொடுத்து உதவினார். ரயில்வேயில் இருந்தவர், கன்ட்ரி பாட்டு அலமாரி நிறைய வைத்திருந்தார். சிடி கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. டிரைவ் மாடல் பெயரை வைத்து அக்யூரேட்ரிப் பட்டியலில் எண்ணைப் பார்த்துக் கையால் போட்டுவிடலாம்.

இஏசி-யில் கட்டாயம் பார்க்க வேண்டிய அமைப்புகளுக்கு வருவோம். படிக்கும் முறை 'செக்யூர்' என்று இருக்கட்டும். இதில் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு தடவை படித்து ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் திரும்பத் திரும்பப் படித்துப் பெரும்பான்மை எது என்று பார்க்கும். ஆனால் டிரைவ் கேச், அதாவது படித்ததை எடுத்துவைக்கும் தற்காலிக நினைவகம், வைத்திருந்தால் ஏமாந்துபோவாய். இரண்டாவது தடவை கேட்கும்போது அது சிடியைப் பார்க்காமல் மனப்பாடமாக ஒப்பிக்கும், தப்பையும் அதே தப்பாக. அதனால் 'டிரைவ் கேச் செய்கிறது' என்ற தேர்வைப் போட்டுவிடு. கேச் இல்லாத டிரைவ் என்றால் வேகம் குறையும், வேறு நட்டமில்லை. பிழை வந்ததா என்று டிரைவே சொல்லும் சி2 செய்தியைப் பயன்படுத்தும் தேர்வை நீக்கிவிடு. சில டிரைவ்கள் அதில் பொய் சொல்லும்.

கேப், அதாவது டிராக்குகளுக்கு நடுவே வரும் இடைவெளி, அந்த விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு டிராக்குக்கும் முன்னால் 'இண்டெக்ஸ் 00' என்று ஒரு பகுதி இருக்கலாம். பழைய பிளேயரில் அடுத்த பாட்டுக்கு முன் நேரம் மைனஸில் ஓடுமே, அது. சினிமா சிடியில் அது வெறும் அமைதி. நேரடிக் கச்சேரியில் கைதட்டல், வித்வான் தொண்டையைச் செருமுவது, மிருதங்கத்தைத் தட்டிச் சேர்த்துக்கொள்வது எல்லாம் அங்கேதான் இருக்கும். இஏசி-யின் ஆக்‌ஷன் மெனுவில் மூன்று வழி தருகிறது: கேப்பை முந்தைய டிராக்கோடு சேர், அடுத்த டிராக்கோடு சேர், விட்டுவிடு. மூன்றாவதைத் தொடவே தொடாதே. 'கேப் இல்லாமல் வேண்டும்' என்று நினைத்து அதை அழுத்தி, கைதட்டலை எல்லாம் வெட்டியெறிந்தவர்களை எனக்குத் தெரியும். முதலாவதுதான் ஏற்கெனவே தேர்வாகியிருக்கும்; அப்படியே விடு.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம். ஆரம்பத்திலும் முடிவிலும் உள்ள அமைதியை நீக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அது போடப்படாமல் இருக்க வேண்டும். 'நார்மலைஸ்' என்பதும் வேண்டாம். டிராக் வாரியாகச் சத்தத்தை ஏற்றினால் ராகத்தில் ஒரு அளவில் ஓடிய தம்புரா தானத்தில் திடீரென்று எகிறும். ஆஃப்செட்டால் ஓரத்தில் விடுபடும் சாம்பிள்களை வெற்றொலியால் நிரப்பு என்ற தேர்வு மட்டும் போட்டிருக்கட்டும். டிராக் நீளம் மாறாது.

பிறகு கேப்களைக் கண்டறியச் சொல்லி, டிராக் எல்லைகளைக் குறித்து வைக்கும் கியூ ஷீட் என்ற கோப்பு ஒன்றை எழுதவைத்து, 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடு. ஒவ்வொரு டிராக்கையும் இரண்டு தடவை முழுதாக எடுத்து இரண்டின் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணையும் லாகில், அதாவது பதிவுக் கோப்பில், எழுதும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் சரி. பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் ஒரு கீறலை ஒரே டிரைவ் இரண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பாகப் படிக்க வாய்ப்புண்டு. அக்யூரேட்ரிப்பில் அந்த சிடி இருந்தால் இந்தக் கவலை இல்லை, வேறு ஆட்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். 'தரவுத்தளத்தில் இல்லை' என்று வந்தால் பயப்படாதே. நம் சிடிகளுக்கு அதுதான் சகஜம். அப்பா கையெழுத்துப் போட்டு வைத்த மாதிரி முக்கியமான சிடி என்றால் வேறு மாடல் டிரைவ் ஒன்றில், அதற்குரிய ஆஃப்செட் திருத்தத்தோடு மறுபடி எடு. இரண்டு டிரைவின் சிஆர்சி-யும் ஒத்துப்போனால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

டிராக் டிராக்காக எடுப்பதா, முழு சிடியையும் ஒரே கோப்பாக எடுத்துக் கியூ ஷீட்டை வைத்துப் பிரிப்பதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. சாம்பிள் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். பல ஃபோன் செயலிகள் கியூ ஷீட்டைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே நான் டிராக் கட்சி.

இப்போது அந்த 588. எடுத்து முடித்த ஒரு ஃப்ளாக் கோப்பை ஃபூபார்2000 என்ற பாட்டுச் செயலியில் திறந்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் மொத்த சாம்பிள் எண்ணிக்கை தெரியும். அதை 588-ஆல் வகு. மீதி வரக்கூடாது. சரியாக நாலு நிமிட டிராக் என்றால் 1,05,84,000 சாம்பிள், அதாவது 18,000 செக்டார். மீதி வந்தால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்: அமைதியை வெட்டியிருக்கலாம், அல்லது எம்பி3-யை ஃப்ளாக்காக மாற்றி உன்னிடம் தள்ளியிருக்கலாம். நண்பர்கள் கொடுக்கும் 'ஒரிஜினல்' கோப்புகளை நான் முதலில் போடும் தராசு இதுதான். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் அடுத்தடுத்த இரண்டு டிராக்கையும் ஒட்டி, ஒட்டிய இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார். அலை வளைந்து வந்த போக்கிலேயே தொடர வேண்டும். படிக்கட்டு மாதிரி விழுந்தால் கோளாறு.

பர்மா பஜார் சரக்கும் அப்பா பெட்டியில் இருக்கும் என்று நினைக்கிறேன். நம்ம பக்கம் அது இல்லாத வீடு ஏது? அந்த சிடிகளில் பல எம்பி3-யிலிருந்து திரும்ப எழுதப்பட்டவை. ஸ்பெக் மாதிரி ஒரு அலைவரிசைப் படம் காட்டும் மென்பொருளில் போட்டுப் பார்: 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டினாற்போல இருந்தால் பெரும்பாலும் அந்த ஜாதிதான். டிராக் டிராக்காக எழுதிய சிடியில் ஒவ்வொன்றுக்கும் நடுவில் 2 நொடி, அதாவது 150 செக்டார் வெற்றொலியும் இருக்கும். அந்த ஓட்டை சிடியிலேயே இருக்கிறது. எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் ஓட்டையைத் துல்லியமாக எடுப்பாய். ஆடாசிட்டியில் கையால் வெட்டி ஒட்டலாம், ஒரு சின்னத் தட்டல் மிஞ்சும். அந்தக் கச்சேரி வேறு எங்கும் கிடைக்காது என்றால் மட்டும் மெனக்கெடு.

சிடியைத் துடைப்பது பற்றி ஒரு வார்த்தை. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடை, வட்டமாக வேண்டாம். சிடியின் பிழைதிருத்தம் தடத்தின் நீளத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தொலைந்தாலும் மீட்டுவிடும். குறுக்கே போகும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் இத்துணூண்டுதான் கெடுக்கும். வட்டமாகப் போகும் கீறல் தடத்தோடேயே ஓடிக் கொன்றுவிடும். லேசான சோப்புத் தண்ணீர், மெத்தென்ற பருத்தித் துணி போதும். தின்னர் பக்கம் போகாதே. கண்ணாடி மாதிரி இருக்கும் பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. பெயர் அச்சடித்த பக்கத்தில் அலுமினியத்துக்கு மேல் மெல்லிய வார்னிஷ் மட்டும்தான். ஆகவே மேஜை மேல் வைக்கும்போது எந்தப் பக்கம் கீழே என்று பார்த்து வை.

ஃபோனில் கேட்க ஃப்ளாக்கையே போட்டுக்கொள்ளலாம். இடம் போதாது என்றால் ஃப்ளாக்கிலிருந்து ஓபஸ் என்ற, இன்னும் சுருங்கும் வடிவத்துக்கு மாற்று; எவ்வளவு சாம்பிளை விடவேண்டும் என்ற கணக்கு அந்த வடிவத்திலேயே இருக்கிறது. எம்பி3-தான் வேண்டும் என்றால் லேமில் 'நோகேப்' என்ற தேர்வோடு மொத்த ஆல்பத்தையும் ஒரே மூச்சில் மாற்று. செயலியில் கேப்லெஸ் (இடைவெளியில்லாமல் பாடுவது) போட்டிருக்கிறதா, கிராஸ்ஃபேட் (ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) அணைந்திருக்கிறதா என்று பார். வண்டி ஸ்டீரியோவில் யுஎஸ்பி சொருகிக் கேட்பதாக இருந்தால் இந்த சாமர்த்தியம் எதுவும் பெரும்பாலும் செல்லாது. அதற்கென்று ராகம்-தானம்-பல்லவி முழுவதையும் ஒரே கோப்பாக ஒட்டி வைத்துவிடு. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இருநூறில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஒவ்வொரு சிடியையும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது. கடல் காற்றடிக்கும் வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றை இந்த வாரமே எடுத்துவிடு, மற்றவை காத்திருக்கும். அதற்கும் முன்னால் அந்த ராகம்-தானம் சிடி ஒன்றை மட்டும் எடுத்து ஃபூபாரில் போட்டுக் கேள். இன்னும் 'டிக்' கேட்டால் லாக் கோப்பை அப்படியே அனுப்பு.